கிரீஸ் அடிச்ச தேதி



ஆயுத பூஜைக்குக் கோயில் வாசலில் வரிசையா நின்ன பழைய வண்டிகளோட படத்தைப் போட்டதிலிருந்து உள்பெட்டியில் ஒரே கேள்விதான். "எந்த வொர்க்‌ஷாப்புல செய்றீங்க? போர்மன் நம்பர் கிடைக்குமா?" ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் எழுத முடியல, அதனால இங்கேயே சொல்லிடறோம். வொர்க்‌ஷாப் எதுவும் இல்லைங்க. கிள்ளான்ல ஒரு தாமான், அதுல ஒரு டெரஸ் வீடு, அந்த வீட்டு போர்ச். அவ்வளவுதான். ஒரு கார் உள்ளே, ஒரு கார் பாதி வெளியே. மழை வந்தா வெளியே நிக்கிற வண்டிக்குக் கேன்வாஸ் போட்டுட்டு எல்லாரும் உள்ளே ஓடிடுவோம்.

நாங்க அஞ்சு பேர். தொண்டர் படையில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறது, திருவிழான்னா கார் நிறுத்தக் கைகாட்டுறது, இதான் நம்ம சேவை. அந்தக் கார் நிறுத்துற வேலையிலதான் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சோம். பழைய வண்டி உள்ளே நுழைஞ்சா அஞ்சு பேரும் ஒரே நேரத்துல திரும்பிப் பார்ப்போம். எங்ககிட்டயே ஒரு டட்சன் 120ஒய் இருக்கு, ஒரு முதல் தலைமுறை புரோட்டோன் சாகா இருக்கு. சாகாவைப் பழைய வண்டின்னு சொன்னா சில பேர் சிரிக்கிறாங்க. 1985 ஜூலையில் வெளிவந்த வண்டிங்க அது, நாப்பது வருஷம் ஆச்சு. நம்மில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததே அந்த வண்டிதான்.

ஆனா இன்னிக்குச் சொல்ல வந்தது வாத்தியாரய்யாவோட மோரிஸ் மைனர் பத்தி. படத்துல முன்னால நின்னுச்சே, வெளிர் பச்சை, அதேதான். அந்தப் படத்துக்கு விருப்பக்குறி போட்ட யாருக்கும், அது அங்கே வந்து நிக்கிறதுக்கு முன்னாடி நடந்த கதை தெரியாது.

ஐயா தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர், பணி ஓய்வு பெற்று ரொம்ப வருஷம் ஆச்சு. வயசு எழுபத்தஞ்சைத் தாண்டிடுச்சு. கார் 1960. அவரோட அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸரா இருந்தப்ப வாங்கினது. நம்ம பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, தோட்டத்துல கிராணி, டிரஸர், வாத்தியார், இவங்க வீட்டு வாசலில்தான் இந்த மாதிரி ஒரு மோரிஸோ ஆஸ்டினோ நிக்கும். லயத்துல இருந்த பிள்ளைங்களுக்கு அது சத்தத்தை வெச்சே அடையாளம் தெரியும். பிரசவ வலி வந்த அம்மாவை ராத்திரியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் இதுதான்னு ஐயா ஒரு தடவை சொன்னார். யாருன்னு பேர் சொல்லல. சிரிச்சுட்டு விட்டுட்டார்.

மைனரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. 1948ல் லண்டனில் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைச்சவர் அலெக் இஸிகோனிஸ், பின்னால 1959ல் மினி காரைக் கொண்டுவந்தவரும் அவரேதான். கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு முதலில் இதோட உருவமே பிடிக்கலையாம், கொதிக்கிற தண்ணியில் உடைச்சு ஊத்தின முட்டை மாதிரி இருக்குன்னாராம். அந்த முட்டைதான் பிரிட்டிஷ் கார்களில் முதன்முதலா பத்து லட்சத்தைத் தொட்டது. ஐயாவோட வண்டியில் 948 சிசி இன்ஜின், 37 குதிரைசக்தி. இன்னிக்கு நம்ம பிள்ளைங்க ஓட்டுற பெரிய மோட்டோவுக்கே அதைவிட சக்தி இருக்கும்.

இந்த மாதிரி வண்டியை வீட்டில் வெச்சுப் பார்க்க முடியறதுக்குக் காரணம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பானட்டைத் திறந்தா கீழே தரை தெரியும். கார்பரேட்டர், டைனமோ, பிளக், பாயிண்ட். கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்டார்ட் ஆகலைன்னா நெருப்பு வருதா, பெட்ரோல் வருதா, ரெண்டே கேள்வி. பாயிண்ட் இடைவெளி ஒரு அங்குலத்துல ஆயிரத்தில் பதினஞ்சு பங்கு, வால்வுக்குப் பன்னிரண்டு. ஒரு பீலர் கேஜும் பொறுமையும் இருந்தா போதும். அதுக்காக எல்லாமே சுலபம்னு நினைச்சிடாதீங்க. இதோ வர்றோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு கிளம்பும்போது ஐயா எங்களைக் கூப்பிட்டு, "தம்பி, பிரேக் போட்டா வண்டி இடது பக்கமா இழுக்குது, ஸ்டியரிங்கும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு, ஞாயித்துக்கிழமை பார்ப்பீங்களா"ன்னார். சின்ன வேலைன்னுதான் நினைச்சு வந்தார். காற்று குறைஞ்சிருக்கும், இல்லைன்னா பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணணும், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும்.

முன்பக்கத்தை ஜேக்கி போட்டுத் தூக்கி, ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வெச்சோம். இதை மட்டும் தயவுசெஞ்சு கேட்டுக்கோங்க. ஜேக்கியை மட்டும் நம்பி எவனும் காருக்கு அடியில் போகக்கூடாது. செங்கல்லும் வேண்டாம், செங்கல் பாரம் தாங்காம திடீர்னு பிளந்துடும். நல்ல ஸ்டாண்டு ஒரு ஜோடி, ரெண்டு குடும்பம் வெளியே சாப்பிடப் போற காசுதான். எங்க போர்ச்சுல ஸ்டாண்டு இல்லாம வேலை கிடையாது, அது யார் வண்டியா இருந்தாலும்.

இழுப்புக்குக் காரணம் சீக்கிரம் தெரிஞ்சுபோச்சு. வலது சக்கரத்துக்குப் போற ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தா நல்லாதான் இருக்கு, உள்ளே ரப்பர் ஊதி வழியை அடைச்சிருக்கு. மிதிக்கும்போது பிரேக் ஆயில் அந்தப் பக்கம் சரியா போகல, அதனால இடது பக்கம் மட்டும் முதலில் பிடிக்குது. போன எண்ணெயும் சீக்கிரம் திரும்பி வரமாட்டேங்குது. காலை எடுத்த பிறகும் வலது சக்கரம் பாதி பிடிச்சபடியே நின்னுச்சு. பழைய வண்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் சொல்றோம், ஹோஸ் வெடிச்சிருக்கான்னு வெளியே தடவிப் பார்த்துட்டு விட்டுடாதீங்க. பத்து வருஷம் தாண்டின ஹோஸை யோசிக்காம மாத்துங்க.

இறுக்கத்துக்குக் காரணம் தேடினப்பதான் நெஞ்சு பக்குனு ஆச்சு.

மைனர்ல முன் சக்கரத்தைத் தாங்குறது ஒரு செங்குத்துத் தண்டு. அந்தத் தண்டோட மேல் முனையிலயும் கீழ் முனையிலயும் மரை வெட்டியிருக்கும், அது ட்ரனியன்னு சொல்ற ஒரு உலோகக் கட்டைக்குள்ள திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினா தண்டு அந்த மரையிலேயே திரும்பும். அதாவது, காரோட முன்பக்க பாரம் மரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அந்த மரைக்கு கிரீஸ் போய்க்கிட்டே இருக்கணும், அதுக்குத்தான் அங்கே கிரீஸ் நிப்பிள் வெச்சிருக்கான். கிரீஸ் இல்லைன்னா இரும்பும் இரும்பும் உரசி மரை தேயும், தண்ணி புகுந்து துருப்பிடிக்கும். ஒரு நாள் தண்டு கட்டையை விட்டு வெளியே வந்துடும். சக்கரம் படுத்துக்கும். மைனர் வெச்சிருக்கிறவங்க உலகம் பூராவும் பயப்படுற விஷயம் இதுதான். நல்ல வேளையா, பெரும்பாலும் மெதுவா திரும்பும்போதுதான் கழண்டு விழும். பெரும்பாலும்.

வலது பக்கம் கீழ் ட்ரனியனில் நிப்பிளே தெரியல. மண்ணும் பழைய கிரீஸும் கல்லா இறுகிப்போய் மூடியிருந்துச்சு. சுரண்டி எடுத்து, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா டக் டக்னு சத்தம். கழட்டிப் பார்த்தோம். மரை இருக்க வேண்டிய இடத்துல அலை அலையா ஒரு தடம்தான் இருந்துச்சு. எங்கள்ல வயசுல சின்னவன் அதைக் கையில் வெச்சுக்கிட்டு, "இதுலயா அம்மாவை உக்கார வெச்சு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தாரு?"ன்னான். யாரும் பதில் சொல்லல.

ஐயா கவனமில்லாத ஆளா? அதான் இல்லை. வண்டியோட கிளவ் பாக்ஸில் ஒரு 555 புத்தகம் இருக்கு. மளிகைக் கடையில் கடன் எழுதுவாங்களே, அதே குட்டிப் புத்தகம். முதல் பக்கங்கள் அவரோட அப்பா கையெழுத்து, அப்புறம் இவரோடது. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை தேதி, மைல், "கிரீஸ்"னு எழுதி ஒரு சுழி. பக்கம் பக்கமா அதே மூணு விஷயம். ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாசத்தோட அது நின்னுபோயிருக்கு. முட்டி வலி. கீழே படுத்து எழுந்திரிக்க முடியல. அதிலிருந்து வண்டியை வழக்கமா ஒரு வொர்க்‌ஷாப்புக்குக் கொடுத்திருக்கார். அவங்க ஆயில் மாத்தியிருக்காங்க, பிளக் மாத்தியிருக்காங்க, கழுவிக்கூடக் கொடுத்திருக்காங்க. கிரீஸ் கன்னை எடுத்ததே இல்லை. அவங்க ஏமாத்தினாங்கன்னு நாங்க நினைக்கல. இப்ப வர்ற கார்களில் கிரீஸ் நிப்பிளே கிடையாது. அங்கே வேலை செய்யற பையன் அப்படி ஒண்ணை வாழ்க்கையில் பார்த்திருக்கவே மாட்டான். பில்லில் "சர்வீஸ்"னு எழுதியிருக்கும், இவரும் நம்பிட்டார்.

வீட்டில் வேலை செய்யறதுல காசு மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க அனுபவத்துல பெருசா மிச்சமில்லை, சாமான் வாங்கியே காசு போயிடும். ஆனா, இந்த வண்டிக்கு என்னென்ன வேணும்னு தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல இருக்கான். அந்த ஆள் போயிட்டா, வண்டி பளபளன்னு இருக்கும்போதே சாகும்.

சரி, வண்டி ஸ்டாண்டில் நின்னாச்சு. சாமான் இங்கிலாந்திலிருந்து வரணும். அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் வீட்டில் பெரிய பேச்சு கிளம்புச்சு.

ஐயாவோட மகன் சிங்கப்பூர்ல வேலை. விஷயம் கேட்டதும் அந்த வாரமே வந்துட்டார். அவர் சொன்னது: "இனிமே இதை ஓட்ட வேண்டாம். இல்லை, ஓட்டித்தான் ஆகணும்னா முழுசா மாத்திடுங்க. ஹாப் கட் கடையில் ஜப்பான் இன்ஜின் எடுத்துப் போடுங்க, டிஸ்க் பிரேக் போடுங்க, ஏர்கான் போடுங்க, காசு நான் தர்றேன்." ஐயா ஒரே வார்த்தை: "அப்பன் வாங்கின வண்டி. இன்ஜினை எடுத்தா அது வேற வண்டி." ரெண்டு பேரும் எங்க முகத்தைப் பார்க்கிறாங்க. கோயில்ல வரிசை ஒழுங்கு பண்ற எங்களுக்கு இது வேற பஞ்சாயத்து.

ரெண்டு பேர்லயும் நியாயம் இருந்துச்சு. இந்த நாட்டு ரோட்டில் ஓடுற எத்தனையோ மைனர்ல டட்சன் இன்ஜினைப் பார்த்திருக்கோம். அதுல தப்பில்லை. ஆனா இன்ஜின் மாத்தினா ஜேபிஜே அனுமதி வேணும், வண்டி கிராண்டில் இன்ஜின் நம்பர் மாறணும், பரிசோதனைக்குப் போகணும். இதெல்லாம் செய்யாம ஓட்டி, ஒரு விபத்து ஆனா இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்க்கிறது அதைத்தான். அதைவிட முக்கியம், வேகமா ஓடுற இன்ஜினைப் போட்டுட்டு ஏழு அங்குல டிரம் பிரேக்கை அப்படியே விட்டுடறாங்க. அந்த மாதிரி வண்டியைப் பார்த்தா எங்களுக்குக் கை காலெல்லாம் உதறும்.

பேச்சை முடிச்சு வெச்சது அம்மாதான். தேத்தண்ணி கொண்டுவந்து வெச்சுட்டு, "எதைப் போட்டு ஓடினா என்ன, நிக்கச் சொன்னா நிக்கணும்ல"ன்னாங்க. அதோட இன்ஜின் பேச்சு அடங்கிச்சு. அப்புறம் நாலு சக்கரத்தைப் பத்தித்தான் பேசினோம்.

டிஸ்க் பிரேக் போடலாமான்னு யோசிச்சோம். மைனருக்குத் தனியா செட்டே கிடைக்குது. ஆனா அது சும்மா மாட்டிட்டுப் போற வேலை இல்லை. டிரம்முக்காக மாஸ்டர் பம்ப்புல குழாயில் கொஞ்சம் அழுத்தம் தங்கியிருக்கிற மாதிரி ஒரு வால்வு வெச்சிருப்பான். அதைக் கவனிக்காம டிஸ்க் போட்டா பிரேக் எப்பவும் உரசிக்கிட்டே இருக்கும். ஐயா ஓட்டுறது தாமானிலிருந்து கோயில், கோயிலிலிருந்து பாசார், அம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. அதுக்கு நல்ல நிலையில் இருக்கிற டிரம் போதும்னு முடிவு பண்ணோம். நெடுஞ்சாலையில் ஓட்டுறவரா இருந்திருந்தா எங்க பதில் வேற.

அதனால டிரம்மையே முழுசா புதுசாக்கினோம். ஹோஸ் எல்லாம் புதுசு, சக்கரத்து பம்ப்புகள் புதுசு, ஷூ புதுசு, மாஸ்டர் பம்ப்புக்கு ரப்பர் செட். மைனர்ல மாஸ்டர் பம்ப் இருக்கிற இடம் டிரைவர் காலுக்கு அடியில், சேஸிஸுக்குள்ள. இஸிகோனிஸ் பெரிய மேதைதான், ஒத்துக்கறோம். ஆனா அந்த பம்ப்பைக் கழட்டுற அன்னிக்கு அவரை நாங்க வாழ்த்தல. இன்னொண்ணு, இது ஒரே குழாய் அமைப்பு. எங்கேயாவது ஒரு இடம் வெடிச்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும். கைபிரேக் மட்டும்தான் மிச்சம். அதனால கைபிரேக் கேபிளையும் விடல.

பழைய ஷூவைக் கழட்டும்போது அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்னே வெச்சுக்கணும். சில பேர் காற்று அடிச்சு டிரம்மைச் சுத்தம் பண்றதைப் பார்த்திருக்கோம், அதைச் செய்யாதீங்க. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளியே வராது. தண்ணி தெளிச்சு நனைச்சு, துணியால துடைச்சு, துணியைப் பையில் கட்டிப் போடுங்க. பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும், பக்கத்துல ஒரு வாளித் தண்ணி இருக்கட்டும்.

நாங்க தொடாத வேலையும் உண்டு. தரைக்கு அடியில் குறுக்குக் கட்டையில் ஒரு இடம் துருப்பிடிச்சு ஓட்டையா இருந்துச்சு. அங்கே வெல்டிங் பிடிக்கணும். வீட்டு போர்ச்சுல, மேலே பிளாஸ்டிக் கூரை, பக்கத்துல பெட்ரோல் டேங்க், முடியாதுங்க. அதுக்கு இத்தொழில்ல பழுத்த ஒரு போர்மன்கிட்ட லோரியில் ஏத்தி அனுப்பினோம்.

ஐயா ஒத்துக்கிட்ட மாற்றம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு சிக்னல். அவர் வண்டியில் கதவு ஓரத்துத் தூணிலிருந்து குட்டிக் கை மாதிரி ஒண்ணு வெளியே நீளும், அதான் சிக்னல். பார்க்க அவ்வளவு அழகு. ஆனா பின்னால வர்ற மோட்டோக்காரப் பையனுக்கு அது என்னன்னே தெரியாது. அதனால முன்னாலயும் பின்னாலயும் மினுக்குற விளக்கு மாட்டினோம். கையையும் விட்டு வெச்சிருக்கோம், ரெண்டும் சேர்ந்து வேலை செய்யும். வயர் இழுக்கும்போது ஒரு எச்சரிக்கை: இந்த வண்டிகளில் பேட்டரியோட பிளஸ்தான் பாடியில் எர்த். இப்ப கிடைக்கிற ரேடியோ, சார்ஜர் எல்லாம் நேர்மாறு. தெரியாம மாட்டினா புகைதான் வரும்.

இன்னொண்ணு சீட் பெல்ட். அதுக்குத் தூணில் வலுவான இடம் வேணும், வெறும் தகரத்துல ஆணி மாதிரி மாட்டினா இழுக்கும்போது பிடுங்கிக்கிட்டு வந்துடும். அதையும் அந்தப் போர்மன்தான் தகடு வெச்சு வெல்டிங் பண்ணிக் கொடுத்தார்.

சாமான் வந்து, ரெண்டு பக்கமும் தண்டும் ட்ரனியனும் மாட்டி, கிரீஸ் கன்னை அழுத்தினா பழைய அழுக்கைத் தள்ளிக்கிட்டுப் புது கிரீஸ் ஓரத்துல எட்டிப் பார்க்கும் பாருங்க, அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றது! பிரேக்கில் காற்று எடுக்க மட்டும் ஒரு முழுப் பொழுது. ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் கீழே நிப்பிளைத் திறக்க, "மிதி", "பிடி", "விடு"ன்னு தெருவே எங்க குரல்தான். எதிர்வீட்டு அங்கிள் வெளியே வந்து, "யாருக்குப் பிரசவம்?"னு கேட்டுட்டுப் போனார்.

முதலில் நாங்க காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மெதுவா, அப்புறம் கொஞ்சம் வேகமா, ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில் லேசா வெச்சு பிரேக் போட்டுப் பார்த்தோம். நேரா நின்னுச்சு. அப்புறம்தான் சாவியை ஐயா கையில் கொடுத்தோம். அம்மா பக்கத்துல உக்காந்து பெல்ட் போட்டுக்கிட்டு, சேலை கசங்குதுன்னு திட்டினாங்க. தாமானை ஒரு சுத்து சுத்தி வந்து நிறுத்தினார். ஒண்ணும் சொல்லல. கிளவ் பாக்ஸைத் திறந்து அந்த 555 புத்தகத்தை எடுத்து, தேதியும் மைலும் எழுதினார். பேனாவை எங்ககிட்ட நீட்டி, "கிரீஸ் அடிச்சது நீங்க, நீங்கதான் எழுதணும்"னார். இப்ப அந்தப் பக்கத்துல எங்க சின்னவனோட கோணல் கையெழுத்து இருக்கு.

மகன் சிங்கப்பூர் திரும்புறதுக்கு முன்னாடி எங்களைத் தனியா கூப்பிட்டார். "கண் பார்வை, வயசு, இதைப் பத்தி அப்பாகிட்ட நீங்களாவது சொல்லுங்களேன்"னார். அது எங்க ஸ்பானருக்கு எட்டாத இடம். ஆனா அவர் பயம் எங்களுக்குப் புரியாம இல்லை. கண் டாக்டர்கிட்ட ஐயாவைக் கூட்டிட்டுப் போறோம்னு மட்டும் சொல்லியிருக்கோம். அடுத்த மாசம் தேதி வாங்கியிருக்கு. டாக்டர் என்ன சொல்றாரோ, அதைக் கேட்டுக்கறேன்னு ஐயா சொல்லியிருக்கார். அம்மா சாட்சி.

அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை கார் நிறுத்தும் இடத்துல, வாசலுக்குப் பக்கமா சரிவு இல்லாத அந்த ஒரு இடத்தை யாரும் பிடிக்காதீங்க, ப்ளீஸ்.

வர்ற ஞாயித்துக்கிழமை போர்ச்சுல டட்சன் 120ஒய் கார்பரேட்டர் கழட்டுறோம். பார்க்கவோ கத்துக்கவோ வர்றவங்க காலை ஒன்பதுக்கு மேல வாங்க, பக்கத்து வீட்டு மக்சிக் அதுக்கு முன்னாடி சத்தம் போட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ஜப்பான் சிலிப்பரோட வராதீங்க, சூ போட்டுக்கிட்டு வாங்க. மதியச் சாப்பாடு உண்டு, சைவம். உங்க வீட்டில் மைனர் இருந்தா, கிரீஸ் கன் எங்ககிட்ட இருக்கு, வண்டியைக் கொண்டு வாங்க. ரொம்ப நாளா கிரீஸ் போடாத வண்டின்னா ஓட்டிக்கிட்டு வர வேண்டாம், சொல்லுங்க, நாங்களே வர்றோம்.